ஆப்பிள், கொட்டை, காலிப் பாத்திரம்: ஹாலோவீன் விளையாட்டுகள் வந்த வழி



அக்டோபர் 31 மாலை நம் பிளாக்குகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சூனியக்காரித் தொப்பியும் எலும்புக்கூடு சட்டையுமாகப் பிள்ளைகள் லிஃப்டில் ஏறி இறங்குவார்கள், ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்துச் சாக்லேட் வாங்கிப் போவார்கள். போன பொதுக்குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. “இந்தப் பேய்த் திருவிழா நமக்கு எதற்கு? நிறுத்திவிடலாம்” என்றார் ஒரு பெரியவர். “பிள்ளைகள் சந்தோஷம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார்கள் இளம் பெற்றோர். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

அதற்குள் இந்த நாளின் விளையாட்டுகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதைச் சொல்லிவிட நினைத்தேன். நிறுத்துவதா, விடுவதா என்ற இதே கேள்வியை அமெரிக்க ஊர்கள் 100 வருடங்களுக்கு முன்பே கேட்டிருக்கின்றன. அவை கண்ட வழி நமக்கும் உதவலாம்.

பெயரும் நாளும்

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பி, குளிர்காலம் தொடங்கும் நாள் நவம்பர் 1. பழங்காலத்தில் பொழுது சாயும்போதே அடுத்த நாள் பிறந்துவிட்டதாகக் கணக்கு. ஆகவே கொண்டாட்டம் அக்டோபர் 31 மாலையே ஆரம்பமாகிவிடும். 9ஆம் நூற்றாண்டுக்குள் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை அதே நவம்பர் 1-ஐப் புனிதர்கள் அனைவருக்குமான திருநாளாக்கியது. ‘ஹாலோ’ என்றால் புனிதர், ‘ஈவ்னிங்’ என்பது மாலை. இரண்டும் சேர்ந்து தேய்ந்து ‘ஹாலோவீன்’ ஆயிற்று.

இறந்தவர்கள் உலவும் இரவு என்று அந்த நாட்டு மக்கள் நம்பினார்கள். அன்றைக்கு மறைந்திருப்பது தெரியும், வரப்போவதும் தெரியும் என்றும் நம்பினார்கள். விளையாட்டுகள் பிறந்தது இந்த இரண்டாவது நம்பிக்கையில்தான்.

வரன் பார்த்த விளையாட்டுகள்

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் ‘ஹாலோவீன்’ என்று ஒரு நீண்ட கவிதை எழுதினார். கிராமத்து இளைஞர்களும் பெண்களும் அந்த இரவில் என்னென்ன விளையாடினார்கள் என்பதை அதில் வரிசையாகச் சொல்லி, அடிக்குறிப்பும் போட்டு விளக்கியிருக்கிறார். நமக்கு அது நல்ல ஆவணம்.

முதலில் கீரைத்தண்டு. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், கேல் என்ற முட்டைக்கோஸ் வகைச் செடி ஒன்றைப் பிடுங்க வேண்டும். தண்டு நேராக இருந்தால் வரும் துணையும் அப்படி. கோணலாக இருந்தால் அதுவும் அப்படியே. வேரில் மண் ஒட்டியிருந்தால் சீதனம் உண்டு. தண்டைக் கடித்துப் பார்த்தால் குணம் தெரியும்.

அடுத்தது கொட்டை. காதலிக்கும் இருவர் பெயரைச் சொல்லி இரண்டு கொட்டைகளைக் கணப்பு நெருப்பில் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள். இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் கல்யாணம் கூடும். ஒன்று வெடித்துத் துள்ளி ஓடினால் கூடாது. வட இங்கிலாந்தில் இந்த இரவுக்கே கொட்டை உடைக்கும் இரவு என்று பெயர் இருந்திருக்கிறது.

மூன்றாவது, மூன்று பாத்திரங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் அழுக்குத் தண்ணீர், ஒன்று காலி. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இடது கையை ஏதாவது ஒன்றில் விட வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் கன்னிப் பெண் மனைவியாவாள், அழுக்குத் தண்ணீர் என்றால் விதவை, காலி என்றால் கல்யாணமே இல்லை. பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி மூன்று முறை பார்ப்பார்கள். பர்ன்ஸின் கவிதையில் வெகுகாலமாகக் கல்யாணத்துக்கு ஏங்கும் ஜான் மாமா என்ற கிழவர் வருகிறார். மூன்று முறையும் அவர் கை போனது காலிப் பாத்திரத்தில். கோபத்தில் பாத்திரங்களைத் தூக்கி நெருப்பில் போட்டுவிட்டாராம்.

அயர்லாந்தில் இதே வேலையைச் செய்தது பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டி. உள்ளே மோதிரம், காசு, துணிக்கிழிசல் போன்றவற்றை வைத்துச் சுடுவார்கள். மோதிரம் கிடைத்தவருக்குக் கல்யாணம், காசுக்குச் செல்வம், கிழிசலுக்கு வறுமை. மோதிரம் வைத்த பார்ம்பிராக் இன்றும் அங்கே அக்டோபரில் கடைகளில் விற்கிறது.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் விளையாடியவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்யாணம் எங்கே, யாரோடு அமைகிறதோ அதன்படியே சோறும் கூரையும் அமைந்த ஏழைக் கிராமத்துப் பெண்கள். மனத்தில் இருந்த பயத்தைப் பெரியவர்களிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. கொட்டையைக் கேட்கலாம், தண்டைக் கேட்கலாம். பதில் மோசமாக வந்தால் எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். பயத்தை நாலு பேர் நடுவில் வைத்துச் சிரிக்க அந்த விளையாட்டு ஒரு இடம் கொடுத்தது.

ஆப்பிள் கடி

வேடிக்கைக்கென்றே இருந்தவை ஆப்பிள் விளையாட்டுகள். தொட்டித் தண்ணீரில் ஆப்பிளை மிதக்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். ஆப்பிளின் கன அளவில் கால்வாசி காற்று. அதனால்தான் அது மிதக்கிறது, பல் பட்டதும் நழுவி ஓடுகிறது.

இன்னொன்று கொஞ்சம் முரட்டு விளையாட்டு. கூரையிலிருந்து ஒரு குச்சியைக் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, ஒரு முனையில் ஆப்பிள், மறு முனையில் எரியும் மெழுகுவத்தி. குச்சியைச் சுழற்றிவிட்டு ஆப்பிளை மட்டும் வாயால் பிடிக்க வேண்டும். தவறினால் முகத்தில் சூடு! டேனியல் மக்லீஸ் என்ற ஐரிஷ் ஓவியர் 1832இல் கார்க் மாவட்டத்து பிளார்னியில் ஒரு ஹாலோவீன் விருந்துக்குப் போனார். அங்கே பார்த்ததை வைத்து அவர் வரைந்த படம் அடுத்த வருடம் லண்டனில் காட்சிக்கு வந்தது. அதில் கிழவர், குமரி, குழந்தை, இசைக்காரர் எல்லோரும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தனியாக, பெரியவர்களுக்குத் தனியாக என்ற பிரிவே அதில் கிடையாது.

கடல் தாண்டியது

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களோடும் ஸ்காட்லாந்தியரோடும் இந்த இரவும் போய்ச் சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பெண்கள் பத்திரிகைகள் ஹாலோவீன் விருந்து வைப்பது எப்படி என்று எழுத ஆரம்பித்தன. குறி பார்ப்பது மெல்லக் குறைந்து, வேடிக்கை கூடியது. காகித அலங்காரப் பொருள் தயாரித்த டென்னிசன் நிறுவனம் 1909இல் ‘போகி புக்’ என்று ஒரு சிறு புத்தகம் போட்டது. தோரணம், வேஷம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் அதில் யோசனை உண்டு. காகிதம் விற்கத்தான் போட்டார்கள் என்றாலும், விருந்து நடுத்தர வீடுகளுக்குள் வர அது உதவியது.

வீட்டுக்குள் இப்படி, தெருவில் கதை வேறு. அந்த இரவில் குறும்பு செய்வதும் பழைய வழக்கம்தான். கிராமத்தில் வேலிக் கதவைக் கழற்றி ஒளிப்பது, ஜன்னலில் சோப்புப் பூசுவது என்று இருந்தது, நகரம் பெருத்தபோது தெருவிளக்கு உடைப்பதும் பொய்யாகத் தீயணைப்பு மணி அடிப்பதுமாக முற்றியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நிலைமை இன்னும் மோசமானது. கதவைப் பூட்டுவது, போலீஸைக் கூப்பிடுவது எல்லாம் செய்து பார்த்தார்கள்.

வேறு வழி கண்ட ஊர்களும் உண்டு. மினசோட்டா மாநிலத்தில் அனோகா என்ற சிற்றூரில் பையன்கள் மாடுகளை அவிழ்த்துக் கடைத்தெருவில் விட்டுவிடுவார்கள். 1920இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி, பிள்ளைகளுக்காக ஒரு ஊர்வலம் நடத்தி, பாப்கார்ன், வேர்க்கடலை, மிட்டாய் கொடுத்தார்கள். அந்த விழா இன்றும் நடக்கிறது.

மந்தக் காலத்தில் தனியாக விருந்து வைக்கக் குடும்பங்களிடம் பணம் இல்லை. அதனால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வீட்டுக்கு வீடு விருந்து வைத்தார்கள். ஒரு வீட்டில் வேஷம், அடுத்த வீட்டில் நிலவறையில் பேய் நடை, இன்னொரு வீட்டில் விளையாட்டு, கடைசி வீட்டில் தீனி. பிள்ளைகள் வரிசையாகப் போய்வந்தார்கள். ஒருவர் தலையில் செலவு முழுவதும் விழவில்லை. வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது.

மிட்டாய் வந்தது, விளையாட்டு போனது

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன். 1947இல் அது நீங்கியதும் வீடு வீடாக மிட்டாய் கேட்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது. உறை போட்ட மிட்டாய் வாங்கி வைத்தால் போதும், அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. தொட்டியும் ஆப்பிளும் எடுத்து வைத்துப் பெரியவர்கள் கூடவே நிற்க வேண்டிய விளையாட்டு மெல்லப் பின்னுக்குப் போயிற்று. நம் பிளாக்குகளுக்கு வந்து சேர்ந்திருப்பது இந்தக் கடைசிப் பகுதி மட்டுமே.

ஸ்காட்லாந்தின் பழைய வழக்கத்தில் வேஷம் போட்டு வரும் பிள்ளை ஒரு பாட்டோ கவிதையோ நகைச்சுவையோ சொன்னால்தான் கொட்டையும் பழமும் காசும் கிடைக்கும். சும்மா கிடைக்காது.

அடுத்த கூட்டத்துக்கு என் யோசனை

பேயில் நம்பிக்கை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தவும் வேண்டாம், இப்படியே விடவும் வேண்டாம் என்கிறேன். மணியடித்து மிட்டாய் வாங்குவதற்குப் பதில், தளத்துக்கு ஒரு வீடு முன்வந்து ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு தளத்தில் நூலில் தொங்கும் ஆப்பிளைக் கை படாமல் கடிக்கலாம். ஆளுக்கு ஒன்று என்றால் எச்சில் பிரச்சினை இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு ஆப்பிளுக்குப் பதில் முறுக்கு கட்டலாம். ஒரு தளத்தில் மூன்று பாத்திரங்கள்: கல்யாணத்தை விட்டுவிட்டு, நல்ல தண்ணீருக்கு ஒரு பாட்டு, கலங்கல் தண்ணீருக்கு ஒரு விடுகதை, காலிக்கு ஒரு ஆட்டம். இன்னொரு தளத்தில் ஏதாவது ஒன்று சொன்னால்தான் இனிப்பு. மெழுகுவத்தியும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். மணியடிப்பது பிடிக்காத வீட்டுக்காரர் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள்.

கூட்டத்தில் எதிர்ப்புச் சொன்ன அந்தப் பெரியவரிடம் ஒரு தனி வேண்டுகோள். பாத்திர விளையாட்டுக்கு ஒரு நடுவர் தேவை. கண் கட்டிய பிள்ளைகள் கை விடும் முன் பாத்திரங்களை இடம் மாற்றி வைக்க ஒரு நேர்மையான ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால், பக்கத்தில் நின்று துண்டு எடுத்துக் கொடுக்க நான் தயார்.