பட்டையும் புட்டியும்: இனிப்புப் பானத்துக்கு இருந்த எல்லைகள்

தென் தமிழகத்தின் தேரிக்காட்டு ஊர்களில், குறிப்பாக உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில், கோடைக்காலத்தின் இனிப்புப் பானமாக நெடுங்காலம் விளங்கியது பதநீர். பனையேறி மரத்தின் பாளையைக் கடிப்பு என்னும் கருவியால் நசுக்கிப் பக்குவப்படுத்தி, அதன் நுனியைப் பாளை அரிவாளால் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதில் கட்டிவிட்டு இறங்குவார். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுப்பதால்தான் கலயத்தில் சொட்டும் சாறு பதநீராக நிற்கிறது; சுண்ணாம்பு இல்லையெனில் அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இட்டாலும் அது நெடுநேரம் தாங்காது என்பதால், காலையில் விற்றது போக எஞ்சியதை விடிலி எனப்படும் ஓலைக்குடிசையில் பெண்கள் அன்றே காய்ச்சிக் கருப்பட்டியாக்கினர். குடிப்பவருக்கு ஓலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றித் தருவார்கள். நுங்கோ மாங்காயோ சேர்வதும் உண்டு.

பழைய பானங்களை இன்று போற்றுவோர் பலரும் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. பதநீரில் ஏறத்தாழ பத்து விழுக்காடு சர்க்கரை இருக்கிறது. இது கோலா வகைக் குளிர்பானங்களின் அளவுக்குக் குறைந்ததன்று. பதநீரில் சில தாதுச் சத்துகள் இருப்பது உண்மையே எனினும், சர்க்கரையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தட்டில் நிற்பவை. ஆகவே அக்காலக் குழந்தைகளை மிகுந்த சர்க்கரையிலிருந்து காத்தது பானத்தின் இயல்பன்று, அதைச் சூழ்ந்திருந்த எல்லைகளே: அது சில மாதங்களே கிடைத்தது, காலையில் மட்டும் கிடைத்தது, மரமேறுபவரின் உடலுழைப்பு தந்த அளவுக்கு மேல் கிடைக்கவில்லை. வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகம் இராமநவமி போன்ற நாள்களுக்கு உரியதாக இருந்தது. வெயில் காலம் முழுவதும் தண்ணீர்ப் பந்தல்களில் வழங்கப்பட்ட நீர்மோரிலோ இனிப்பே இல்லை.

கள்ளைத் தடுக்க எழுந்த மதுவிலக்கு பதநீரையும் பாதித்தது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. கள்ளுக்கு மாற்றாகப் பதநீரையும் பனைவெல்லத்தையும் காந்தி முன்வைத்திருந்தபோதிலும், கள்ளையும் பதநீரையும் பிரிப்பது கலயத்தின் சுண்ணாம்பு மட்டுமே என்பதால், பனையேறிகள் ஓயாத ஐயத்துக்கு உள்ளாயினர். 

புட்டியில் அடைத்த பானமோ இந்த மதுவிலக்குக்கு முன்பே வந்துவிட்டது. 1870-களில் இங்கிலாந்தின் ஹிராம் காட் உருவாக்கிய, வாயுவின் அழுத்தத்தால் கண்ணாடிக் கோலியே மூடியாக நிற்கும் புட்டி தமிழகத்தில் கோலி சோடாவாக வேரூன்றியது; 1916-இல் விருதுநகரில் காளிமார்க் தொடங்கப்பட்டது. ஆயினும் கண்ணாடிப் புட்டிக் காலத்திலும் ஓர் எல்லை எஞ்சியிருந்தது. இருநூறு, முந்நூறு மில்லி கொண்ட புட்டியைக் கடையிலேயே நின்று குடித்து, காலிப் புட்டியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக முன்பணம் கட்ட வேண்டும். ஆதலால், வெளியே போகும்போது அல்லது விருந்தாளி வரும்போது மட்டும் நிகழும் செலவாகப் பானம் இருந்தது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பங்குக் கட்டுப்பாட்டை ஏற்காது 1977-இல் வெளியேறிய கோகோ கோலா 1993-இல் திரும்பிய பிறகு, இரண்டு லிட்டர் வரை கொள்ளும் பிளாஸ்டிக் புட்டிகள் பரவி, பானத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தன. பருவம், நேரம், இடம் ஆகிய மூன்று எல்லைகளும் ஒரு தலைமுறைக்குள் அகன்றன.

இதன் விளைவை ஒரு கணக்கால் காணலாம். பானங்களிலும் பண்டங்களிலும் சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும், நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வரையறுத்தது. நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு இது ஏறத்தாழ 37 கிராம்; முந்நூறு மில்லி கோலாவிலேயே முப்பது கிராமுக்கு மேல் அடங்கிவிடுகிறது. குழந்தைப் பருவ உடற்பருமனுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் திரவமாக உட்செல்லும் சர்க்கரை, திட உணவைப்போல வயிறு நிறைந்த உணர்வைத் தராததால், அது வழக்கமான சாப்பாட்டின்மேல் கூடுதலாகவே சேர்கிறது.

அகன்ற எல்லைகளுக்கு ஈடாகச் சட்டம் புதிய எல்லைகளை இட முயன்றிருக்கிறது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்தவற்றைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்தன. 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, வாயு ஏற்றிய இனிப்புப் பானங்களுக்குக் கூடுதல் தீர்வையுடன் 40 விழுக்காடும், வாயு ஏற்றாத பழச்சாறு கலந்த பானங்களுக்கு 12 விழுக்காடும் விதித்தது. சர்க்கரையின் அளவை அந்த வரி பார்க்கவேயில்லை. சர்க்கரையற்ற கோலாவுக்கும் சர்க்கரை நிறைந்த கோலாவுக்கும் ஒரே வரி இருந்தது; கோலாவுக்கு ஈடாக இனிக்கும் மாம்பழப் பானத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது.