சம்புநாத் டே (1915–1985)

காலராக் கிருமி உண்டாக்கும் விஷமே அந்நோயின் கொடுமைக்குக் காரணம் என்பதைப் பரிசோதனையால் ஸ்தாபித்த வங்காள நோய்க்குறியியல் பேராசிரியர். ஹூக்ளி ஜில்லாவில் பிறந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, லண்டனில் ஸர் ராய் காமெரனிடம் பயின்று 1949-ல் பி.எச்.டி. பட்டத்துடன் மீண்டார்.

1884-ல் கல்கத்தாவிலேயே இக்கிருமியை ஆராய்ந்த ராபர்ட் கோஹ் அத்தகைய விஷம் ஒன்று இருக்க வேண்டுமென்று ஊகித்திருந்தும், பின்வந்தோர் கிருமியைப் பிராணிகளின் உடலில் ஊசி வழியே செலுத்திப் பார்த்துப் பலன் காணாது சோர்ந்த நிலையில், நோயின் களம் குடலே என்று தெளிந்த டே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி, காலரா நோயாளியிடமிருந்து வெளியேறும் அரிசிக் கஞ்சி போன்ற திரவத்தால் நிரம்பி வீங்கியிருந்தது. 1953-ல் வெளியான இம்முறை எளிமையிலும் நுட்பத்திலும் ஒப்பற்றது. கிருமிகளை வளர்த்து, பின் அவற்றை அறவே வடிகட்டி நீக்கிய திரவமும் அவ்விளைவையே தரும் என்று காட்டிய சிறு கட்டுரை 1959-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

பெரிய வசதிகள் எவையுமின்றிப் போதனையோடு ஆராய்ச்சியையும் நடத்திய அவர் 1973-ல் ஓய்வு பெற்றார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தார். தாய்நாட்டின் பெரிய விஞ்ஞானக் கழகம் எதுவும் அவர் வாழ்நாளில் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்காதது பெருங்குறையே.