பின் அச்சில் இரைச்சலா? முதலில் எண்ணெயைப் பாருங்கள்

செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் இறங்கும் நான்கு சக்கர இயக்க பிக்கப் வண்டிகளில், பின் டிஃபரென்ஷியலைக் கவனிக்காமல் விட்டால் செலவு பெரிதாகும். ஓடும்போது அது இறுகிக்கொண்டால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து.

சத்தம் சொல்வது என்ன?

எக்சலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இரைச்சல் மாறினால், கிரௌன், பினியன் பற்களிலோ பினியன் பேரிங்கிலோ தேய்மானம் இருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மாறினால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். கியர் போட்டதும் 'டக்' என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளைப் பார்க்கவேண்டும்.

எண்ணெய்ச் சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் திருகை முதலில் கழற்றவேண்டும். அது கழன்ற பிறகே வடிக்கும் திருகைத் தொடலாம். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. சூடான அச்சு ஓடையில் சட்டெனக் குளிரும்போது, காற்றுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். காந்தத் திருகில் மெல்லிய சாம்பல் பசை இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

பழுது பார்த்தல்

கிரௌன், பினியன் இரண்டையும் ஜோடியாகவே மாற்றவேண்டும். பல் இடைவெளியை அளந்து பொருத்துவது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை.

தார்ச்சாலையில் கவனம்

நடு டிஃபரென்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் '4எச்' நிலையில் ஓட்டக்கூடாது. வளைவில் முன், பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். நெம்புகோல் சிக்கிக்கொண்டால், நேராகச் சற்றுப் பின்னோக்கி நகர்த்தினால் பெரும்பாலும் விடுபடும்.