கல்பாக்கத்துச் சோடியமும் பத்தாம் வகுப்புச் சமன்பாடும்

1/ "சமன்பாட்டைச் சமன் செஞ்சு என்ன ஆகப்போகுது டாக்டர்?" ஆவடி, அம்பத்தூர் பக்கம் பத்தாவது படிக்கிற பிள்ளைங்க கேட்கிறதுதான். பதில் கல்பாக்கத்துல இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1807 அக்டோபர், லண்டன். ஹம்ப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சி சோடியத்தைப் பிரிச்சார். கத்தியால வெட்டலாம், தண்ணியில மிதக்கும். ஆனா தண்ணி பட்டதும் சீறும், மறுபடி காஸ்டிக் சோடாவாவே மாறிடும்.

3/ 2 சோடியம் + 2 தண்ணீர் → 2 சோடியம் ஹைட்ராக்சைடு + 1 ஹைட்ரஜன்.
எடை போட்டுப் பாருங்க: 46 + 36 கிராம் = 80 + 2 கிராம். ரெண்டு பக்கமும் 82.
அந்த 2 கிராம் அற்பமா தெரியும். ஆனா 1 லிட்டர் தண்ணி முழுசா வினைபுரிஞ்சா 600 லிட்டருக்கு மேல ஹைட்ரஜன்!

4/ 1969-ல் பிரான்ஸோட ஒப்பந்தம். அவங்க ராப்சோடி உலையை மாதிரியா வெச்சு கல்பாக்கத்துல சோதனை வேக ஈனுலை. 1974 பொக்ரான் சோதனைக்கு அப்புறம் செறிவூட்டிய யுரேனியம் வரல. நம்ம ஆட்களே கார்பைடு எரிபொருள் தயாரிச்சாங்க. 1985 அக்டோபர் 18, உலை இயங்க ஆரம்பிச்சுது.

5/ அதைக் குளிர்விக்கிறது திரவச் சோடியம். 98 டிகிரியில உருகும், 883-ல் தான் கொதிக்கும். அதனால உயர் அழுத்தம் தேவையில்ல. நியூட்ரான் வேகத்தையும் பெருசா குறைக்காது. ஆனா டர்பைன் சுத்த நீராவி வேணுமே? சோடியத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் எஃகுதான்.

6/ அதனாலதான் உலைச் சோடியத்துக்கும் தண்ணிக்கும் இடையில இன்னொரு சோடியச் சுற்று. குழாய் கசிஞ்சாலும் கதிரியக்கச் சோடியம் தண்ணியைத் தொடாது. கசிவைக் காட்டிக்கொடுக்கிறது எது? அந்த ஹைட்ரஜன்! மெல்லிய நிக்கல் சவ்வு வழியா ஊடுருவி வந்து கருவியில பதிவாகும். சமன்பாட்டோட கடைசி உறுப்புதான் அபாயமணி.

7/ தேவையா இவ்வளவு ஏற்பாடு? 1987 பிப்ரவரி, ஸ்காட்லாந்தின் டவுன்ரே உலை. ஒரு குழாயில ஆரம்பிச்ச கசிவு, சில நொடியில 40 குழாய் உடைஞ்சுது.

8/ டாக்டரா ஒரு வார்த்தை. லேப்ல சோடியம் துணுக்கு தோல்ல ஒட்டினா உடனே தண்ணி ஊத்தாதீங்க. இடுக்கியால எடுத்து, மினரல் ஆயிலால மூடி, ஆஸ்பத்திரிக்கு வாங்க. துணுக்கு முழுசா போன பிறகுதான் தண்ணியில நல்லா கழுவணும். காஸ்டிக் சோடா பட்டா நேர்மாறு: உடனே, நிறைய தண்ணி.

சமன்பாட்டுல வலது பக்கம் என்ன வருதுன்னு தெரிஞ்சா, இந்த ரெண்டு விதியும் மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.