தோலுக்கடியில் ஓடும் எலி

"ஆர்ம்ஸ் காட்டுடா" என்றதும் பையன் முழங்கையை மடக்குகிறான். மேற்கையில் ஒரு மேடு எழும்புகிறது; கையை நீட்டியதும் அடங்கிவிடுகிறது. ரோமானியர்களுக்கு இது தோலுக்கடியில் ஒரு சுண்டெலி ஓடி ஒளிவதுபோலத் தோன்றியது. லத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' என்றால் குட்டி எலி. ஆங்கிலம் வழியே நம் ஜிம்முக்கு வந்துவிட்ட 'மசில்' அந்தக் குட்டி எலிதான். கிரேக்கர்களுக்கு எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான். மருத்துவச் சொற்களின் தலைப்பில் நிற்கும் 'மையோ' அவர்கள் கொடுத்தது. வடமொழியின் மூஷிகமும் அதே வேரில் கிளைத்தது. ஆகவே பிள்ளையாரின் வாகனத்துக்கும், மையோகார்டியம் எனப்படும் இதயத் தசைக்கும் சொல்லளவில் இரத்த உறவு உண்டு.

தமிழ் வேறு வழியில் போனது. 'தசை' என்றால் ஊன். எழுத்து இடம் மாறி அது 'சதை' ஆனதை இலக்கணப் போலிக்கு உதாரணமாகப் பள்ளியில் படித்திருக்கிறோம். கறிக்கடையில் தொங்குவதும் சதை, மாம்பழத்தில் இருப்பதும் சதை. இந்தச் சொல் பொருளைப் பார்க்கிறது, அசைவைப் பார்க்கவில்லை. அசைவைப் பார்த்தவர்களும் நம்மில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கெண்டைக்கால்' எப்படி வந்திருக்கும்? நடுவே பருத்து இரு முனையும் ஒடுங்கி, நடக்கும்போது ஏறி இறங்கும் அந்தச் சதையைப் பார்த்தால் எனக்குக் கெண்டை மீனைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. அவர்கள் எலியைக் கண்டார்கள், நாம் மீனைக் கண்டோம்.

அவர்கள் வைத்த அந்த எலிப் பெயர் ஓர் ஆய்வகத்தில் தன் பிறந்த வீட்டுக்கே திரும்பியது. வீட்டுச் சுண்டெலிக்கு அறிவியல் பெயர் 'மூஸ் மூஸ்குலுஸ்'; 1758-இல் லின்னேயஸ் வைத்தது. 1977-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் டேவிட் யாஃபேயும் ஓரா சாக்ஸலும் அந்தச் சுண்டெலியின் காயப்பட்ட கால்தசையிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். காயம்பட்ட தசையில்தான் அதைச் சரிசெய்யும் இளஞ்செல்கள் விழித்துப் பெருகும். அந்த வழியில் ஹெலன் பிளாவின் குழு 1983-இல் பயன்படுத்திய கிளைதான் 'சி2சி12'. உலகெங்கும் பல தசை ஆய்வகங்களின் இன்குபேட்டர்களில் இன்று வளர்வது அதுதான். எலியின் எலி.

ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரம் தாராளமாக இருக்கும்வரை இந்தச் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். அதைக் குறைத்து, இரண்டு சதவீதம் குதிரைச் சீரம் மட்டும் கொடுத்தால் பெருகுவதை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழலாகிவிடும். அதற்கு 'மையோட்யூப்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் எலிக்குழல்.

சீரத்தில் இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்கள் சர்க்கரையில் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம். இந்தச் செல்களுக்கு வழக்கமாக ஊற்றும் ஊடகத்தில் ஒரு லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். நம் ரத்தப் பரிசோதனைக் கணக்கில் சொன்னால் 450. ரிப்போர்ட்டில் அந்த எண்ணைக் கண்டால் வீடே கலங்கிப்போகும். அந்த இனிப்பில் ஊறியபடி, பெரும்பாலும் அசையாமல், குழல்கள் தட்டில் ஒட்டிக் கிடக்கின்றன. இதை மசில் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இது வெறும் சதை.

குளுக்கோஸைக் கடுமையாகக் குறைத்தால் செல்லுக்குள் ஆற்றல் தட்டுப்பாட்டை உணரும் 'ஏஎம்பிகே' என்ற நொதி விழிக்கிறது. லூசின் என்ற அமினோ அமிலம் போதிய அளவு கிடைத்தால் 'எம்டார்' என்ற இன்னொரு நொதி விழித்துப் புரதத்தைக் கட்டச் சொல்கிறது. உணவுக்கு இவ்வளவு நுட்பமாகப் பதில் சொல்லத் தெரிந்த செல்லுக்கு உடற்பயிற்சி மட்டும் கிடைக்காமல் இருந்தது. அதற்காகத்தான் ஊடகத்தில் கார்பன் மின்முனைகளை இறக்கி, நொடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் மின்சாரம் பாய்ச்சத் தொடங்கினார்கள். குழல் சுருங்குகிறது, தளர்கிறது. குளுக்கோஸை அதிகமாக உள்ளே இழுக்கிறது, லாக்டேட்டை வெளியே விடுகிறது. பட்டினியில் விழித்த அதே ஏஎம்பிகே உழைப்பிலும் விழிக்கிறது. தசைக்கே உரிய, முன்பு மங்கலாக இருந்த குறுக்கு வரிகள் தெளிவாகின்றன.

சுருங்கும் குழல் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களையும் ஊடகத்தில் கசியவிடுகிறது. உழைக்கும் மனிதத் தசை இப்படிச் சுரப்பதை ஆராய்ந்த கோபன்ஹேகனின் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன், 2003-இல் இவற்றுக்கு 'மையோகைன்' என்ற பெயரை முன்வைத்தார். கிரேக்கத்தில் 'மையோ' தசை, 'கினேசிஸ்' அசைவு. முழங்கை மடங்கியபோது கண்ணில் பட்ட எலியையும் அதன் ஓட்டத்தையும் ஒரே சொல்லில் மறுபடி சேர்த்துவைத்த பெயர் இது. தமிழில் ஒருநாள் இதற்குச் சொல் ஆக்குபவர்கள் 'தசை'யோடு நின்றுவிடாமல் கெண்டையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

தட்டில் நடக்கும் இந்த மின்சாரப் பயிற்சிக்கு ஓர் எல்லையும் உண்டு. உடம்பில் தசையின் இரு முனைகளையும் தசைநாண் எலும்போடு கட்டிவைத்திருக்கிறது. தட்டில் அந்தக் கட்டு இல்லை. நெடுநேரம் வலுவாகச் சுருங்கினால், இழுத்த இழுப்பில் குழல் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்து மிதக்கத் தொடங்கிவிடும். அதனால் சில ஆய்வகங்கள் தட்டின் அடியில் மிருதுவான ஜெல் பரப்பி, அதன்மேல் வளர்க்கின்றன.