வளர்ந்த பிறகும் விடாத அவசரம்

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இருக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். ஏடிஎச்டி என இன்று அறியப்படும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாட்டைப் பற்றி மருத்துவ உலகமும் ஏறத்தாழ 180 ஆண்டுகள் இதையேதான் நம்பியது.

1798இல் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன், கவனம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளைகளைப் பற்றி எழுதினார். வயது ஏற ஏற அது பெரும்பாலும் குறையும் என்பது அவர் கணிப்பு. 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய உரைகள், புத்தியில் குறையில்லாமலேயே நினைத்ததை நினைத்த நொடியில் செய்துவிடும் பிள்ளைகளைக் காட்டின. ஆனால், அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார் அவர். அந்தப் பழி வெகுகாலம் ஒட்டிக்கொண்டது.

1937இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கல் உள்ள 30 பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். ஏறக்குறைய பாதிப் பேர் பாடத்தில் வியக்கும்படி முன்னேறினார்கள். அதன் பிறகும், 1968இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதைக் குழந்தைப் பருவக் கோளாறு என்றே பதிந்தது. பதின்பருவத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டது.

அந்த நம்பிக்கையை அசைத்தது யூட்டா மாநிலம். 1976இல் அங்கே பால் வெண்டரும் சகாக்களும், வயது வந்த பிறகும் இந்த அறிகுறிகள் விடாத 15 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களுடைய சிறுவயது நடத்தையைப் பெற்றோரிடமே கேட்டறிந்தார்கள். பின்னர் அந்தக் குழு வகுத்த அளவுகோலில் பெரியவர்களின் அவசரத்துக்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு: போதிய விவரம் தெரியாமலே முடிவெடுப்பது, வேலையைச் சட்டென உதறுவது, உறவுகளைத் திடீரெனத் தொடங்கி முறிப்பது, கைமீறி வாங்கிக் குவிப்பது.

வயதாக ஆகத் துள்ளலும் ஓட்டமும் அடங்கலாம். அவசர முடிவின் விலையோ கூடுகிறது. வகுப்பில் முந்திக்கொண்டு பதில் சொன்ன சிறுவனுக்குக் கிடைத்தது ஆசிரியரின் அதட்டல். 40 வயதில் கோபத்தில் அனுப்பும் ராஜினாமாக் கடிதம் குடும்பத்தின் வருமானத்தையே நிறுத்திவிடும்.

1980இல் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, வளர்ந்த பிறகும் எஞ்சும் வகையை ஏற்றது. 2013இல் ஐந்தாம் பதிப்பு, 17 வயது நிரம்பியவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் 6 அறிகுறிகளுக்குப் பதில் 5 போதும் என்றது.

அவசர முடிவு எடுப்பவர் எல்லோருக்கும் ஏடிஎச்டி இருக்காது. ஆனால் சிறுவயதிலிருந்தே வேலை, பணம், உறவு என எங்கும் இதே கதையென்றால், பொறுப்பில்லாதவர் என்று முத்திரை குத்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பழைய பள்ளி அறிக்கைகள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். நோயைக் கண்டறிய அவை பெரிதும் உதவும்.