சாயாங்

சாயாங் என்பது அன்பு, பரிவு, இழந்ததை நினைத்து வருந்துதல் ஆகியவற்றை ஒருசேரக் குறிக்கும் மலாய்ச் சொல். மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் மேற்கு அடிவாரத்தில் வயலும் கடலுமாகக் கிடக்கும் யான் என்னும் ஊர் முதல் தோட்டப்புறங்கள் வரை, தமிழர் காதில் அன்றாடம் விழும் சொல் இது.

தாய் பிள்ளையைச் சாயாங் என்றால் கண்ணு, செல்லம் என்று பொருள். கணவன் மனைவியை அழைத்தால் அன்பே. வினையாக வந்தால் நேசித்தல். வாக்கியத்தின் தலையில் நின்றாலோ பொருள் வருத்தத்துக்கும் தாவும். 'சாயாங், டியா தக் டாத்தாங்' என்பதை 'அன்பே, அவர் வரவில்லை' என்றும் கொள்ளலாம், 'அடடா, அவர் வராமல் போய்விட்டாரே' என்றும் கொள்ளலாம். எது என்பதைக் குரலும் எதிரே இருப்பவரும்தான் சொல்ல வேண்டும்.

இச்சொல்லின் மிக அழகான பயன்பாடு அடுப்படியில் கேட்பது. மிஞ்சிய சோற்றையோ கிழிந்த சட்டையையோ கையில் வைத்துக்கொண்டு 'சாயாங் நக் புவாங்' என்பார்கள்: தூக்கிப்போட மனசு வரவில்லை. பொருளின் மேலுள்ள பற்றும், வீணாகிறதே என்ற ஆற்றாமையும் இங்கே பிரிக்க முடியாதவை. பிலிப்பீன்சின் தகாலோக் மொழியிலும் இதே சொல் உண்டு. ஆனால் அங்கே கைநழுவிய வாய்ப்புக்கும் வீணானதற்கும் வருந்தத்தான் அதைச் சொல்கிறார்கள். அன்பு என்ற பொருள் வழக்கில் இல்லை.

கெசாயாங்கான் என்றால் மிகப் பிரியமானது, பெஞாயாங் என்றால் அன்புள்ளம் கொண்டவர். காதலுக்கு மலாயில் சிந்தா என்ற தனிச்சொல் உண்டு. அது வடமொழிச் சிந்தாவிலிருந்து போனது. தமிழின் சிந்தைக்கு உறவு. பெற்றோர், பிள்ளை, நண்பர், வளர்ப்புப் பூனை என எல்லோர் மீதும் உள்ள பாசத்துக்குச் சாயாங்தான் பொருத்தம்.

பிள்ளை மீது சாயாங் இருந்தால் கையை ஓங்கு என்னும் மலாய்ப் பழமொழி ஒன்றும் உண்டு. அடியாத மாடு படியாது என்று நம் வீடுகளில் சொல்வதன் உறவுக்காரன் அது. இரண்டுமே வழக்கொழிய வேண்டியவை.

சொல்லின் புகழைப் பரப்பியது 'ராசா சாயாங்' என்ற நாட்டுப்பாடல். ராசா என்பதும் வடமொழி ரசத்திலிருந்து வந்ததே. மலாயில் அதற்குச் சுவை, உணர்வு என இரு பொருள். மலேசியச் சுற்றுலா விளம்பரத்தில் 2007இல் இப்பாடல் ஒலித்தபோது, அது மலுக்குத் தீவுகளில் பிறந்தது என்று இந்தோனேசியாவில் எதிர்ப்பு எழுந்தது. மலாய்த் தீவுக்கூட்டம் முழுவதற்கும் பொதுச்சொத்து என்பது மலேசியத் தரப்பின் பதிலாக இருந்தது.